கறுப்பு வவ்வாலுக்குள் இருந்த புழு

எனக்கு மீன் வாங்கத் தெரியும். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கொழுந்து எடுப்பதில் என்னைவிடக் கைவேகம் உள்ளவர்கள் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். கோலம் போடுவதில், கும்மி பாடுவதில், சண்டை போடுவதில்கூட என்னை மிஞ்சியவர்கள் உண்டு. மீனில் மட்டும் யாரும் இல்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். கண்ணைப் பார்ப்பேன். முதுகில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அழுத்திய குழி உடனே எழும்பினால் அந்த மீன் என் தட்டுக்கு வரும். எழும்பவில்லையென்றால் மீன்காரியிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கையை மட்டும் சேலை முந்தானையில் துடைத்துக்கொள்வேன். அந்தத் துடைப்பைப் பார்த்தே பின்னால் நிற்பவர்கள் அந்தப் பெட்டியை விட்டு நகர்ந்துவிடுவார்கள்.

சனிக்கிழமை தோறும் காலையில், நாங்கள் பசியாறி முடிக்கிற நேரத்துக்கு, மீன் வேன் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வீட்டு வரிசைக்கு, வரும். கோயிலுக்கு ஏறும் படிக்குக் கீழே நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடிப்பாள் மீன்காரி. ஓட்டி வருவதும் அவள்தான், நிறுப்பதும் அவள்தான். புருசனுக்கு முதுகெலும்பில் ஏதோ ஆகி அவர் வீட்டோடு படுத்துவிட்ட பிறகு அவளே லைசென்ஸ் எடுத்து இந்தத் தொழிலில் இறங்கினாள். கடற்கரையில் மீன் இறக்கும் இடத்தில் இருட்டோடு சரக்கெடுத்து, மலையடிவாரத் தாப்பாவில் இருந்து அத்தனை வளைவும் ஏறி வருவாள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். என்னை அக்கா என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவளும் சும்மா இல்லை.

"என்னாக்கா, அந்த மீனுக்குக் கலியாணமா பேசுறீங்க? இந்தப் பார்வ பாக்குறீங்க" என்பாள்.

"ஒன் மீனுக்கு வயசு ஆயிப் போச்சு தங்கச்சி, யாரு கட்டுவா?" என்பேன் நான்.

கூட்டம் சிரிக்கும். சிரித்தாலும் யாரும் கையை நீட்ட மாட்டார்கள். நான் எடுத்த பிறகுதான் மற்றவர்கள். இது யாரும் வைத்த சட்டமில்லை, வருசக்கணக்கில் தானாக அப்படி ஆகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. கொழுந்து எடுப்பதை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, நான் போகாமல் தொடங்காத காரியம் என்று எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

என் கடைசி மகனுக்குக் குழந்தை பிறந்த சமயம் அது. மகன் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறான். மருமகள் கடலோரக் கம்பத்தில், மீனவர் கிராமத்தில், பிறந்த பெண். அவள் அப்பா மீன் இறக்கும் ஜெட்டியில் மீன் தரம் பிரிக்கிறவர். கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டாள். நான் பேசுகிற வீட்டில் அவள் என்ன பேச முடியும் என்று இப்போது தோன்றுகிறது.

பச்சை உடம்புக்காரிக்குப் பால் ஊற வேண்டுமென்றால் எங்களில் சுறாப் புட்டுதான். சின்னச் சுறாவாக வாங்கி, அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு வறட்டித் தருவோம். பால் சுறா கொண்டு வரச் சொல்லி மீன்காரியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். முதல் சனிக்கிழமை கொண்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை கிடைக்கவில்லை.

"இன்னிக்கி சுறா ஏறலக்கா. இந்தக் கறுப்பு வவ்வாலு மீன எடுத்துட்டுப் போங்க. புள்ள பெத்தவளுக்கு ஒண்ணும் பண்ணாது. சத கெட்டியா இருக்கு பாருங்க."

பார்த்தேன். செவுள் ரத்தச் சிவப்பு. கண் பளபளவென்று இருந்தது. அழுத்தினால் குழியே விழவில்லை. நல்ல அகலமான மீனாக ஒன்று எடுத்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் கறுப்பு வவ்வாலையே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தேன். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தேன். துண்டு போடும்போது, நடு எலும்பை ஒட்டிச் சதைக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குழைந்த சோற்றுப் பருக்கை போல, ஆனால் அதைவிட நீளம், ஒரு முனையில் வால் போல மெலிந்திருந்தது. கொழுப்பு என்று நினைத்தேன். நகத்தால் கீறினேன். மேலே ஒரு மெல்லிய தோல் பை. அது பிய்ந்ததும் உள்ளே இருந்தது சுருங்கியது, பிறகு நீண்டது.

உயிரோடு இருந்தது.

அடுத்த துண்டில் இன்னும் இரண்டு. அதற்கடுத்த துண்டில் ஒன்று.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அருவருப்பைவிடக் கோபம்தான் அதிகம். தேயிலைக் காட்டில் நாற்பது வருசம் அட்டையோடு வாழ்ந்தவள் நான். காலில் நாலு தொங்கும், உப்பைத் தேய்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போவேன், ஒருநாளும் கத்தியதில்லை. ஆனால் இது நான் பார்த்து எடுத்த மீன். செவுள் பார்த்து, கண் பார்த்து, அழுத்திப் பார்த்து, இத்தனை பேர் கண் முன்னால் தட்டில் போட்டுக்கொண்ட மீன். அது என் மருமகள் சாப்பிட இருந்தது. எங்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். ஈ மொய்த்து அழுகினால் புழு வரும், புழு இருந்தால் அழுகல். மலையில் இருக்கிற எங்களுக்கு மீன் என்பதே ஐஸ் பெட்டியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது, என்ன தின்றது, எது அதைத் தின்றது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

துண்டுகளைப் பிளாஸ்டிக் பேசினில் அள்ளிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். வேன் இன்னும் போகவில்லை.

"ஏம்மா, இது மீனா, இல்ல குப்பத்தொட்டியா?" என்று தொடங்கினேன். தங்கச்சி என்று என் வாயில் வரவில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். பதறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக வந்தது.

"ஓ, இதுவா. இது கடல் புழுக்கா. சில மீன்ல சதையிலயே இருக்கும். எடுத்துப் போட்டுட்டுச் சமைங்க, ஒண்ணும் செய்யாது."

"எடுத்துப் போட்டுட்டா? ஒன் வீட்டுல அப்படித்தான் திங்கிறீங்களா?"

"ஆமாக்கா, அப்படித்தான் திங்கிறோம்."

"பச்ச ஒடம்புக்காரிக்கு அழுகுன மீனக் குடுத்துட்டு வாய் வேற பேசுறியா? ஒன் முகத்துக்காகத்தானே வாங்குனேன்?"

"அழுகல்னு சொல்லாதீங்க. செவுளு பாத்தது நீங்க. அழுத்திப் பாத்தது நீங்க. நாத்தம் அடிக்குதா சொல்லுங்க?" அவள் குரலும் ஏறியது. "கோபிசுல புழு இருந்தா மருந்து அடிக்கல, நல்லதுன்னு தேடித் தேடி வாங்குவீங்க. மீன்ல இருந்தா மட்டும் நான் குப்பத்தொட்டியா?"

அது உண்மைதான். என் தம்பிக்குத் திரிங்காப்பில் காய்கறித் தோட்டம், கோபிசு என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோசுதான் அதிகம். லோரியில் ஏற்றி அனுப்பும் கோபிசு வேறு, வீட்டுக்கென்று ஓரத்தில் மருந்தடிக்காமல் விடும் கோபிசு வேறு. இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். நான் அதைத்தான் கேட்டு வாங்குவேன், அதில் பாதியை இந்த மீன்காரிக்கும் தந்திருக்கிறேன். "புழு தின்னது நமக்கும் நல்லது தங்கச்சி" என்று அவளிடம் சொன்னதே நான்தான்.

பதில் சொல்லத் தெரியாதபோதுதான் நான் அதிகமாகக் கத்துவேன். கோபிசு மண்ணில் முளைக்கிறது, உன் மீன் பெட்டியில் முளைக்கிறது என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கடைசியில் பேசினை அவள் வேனுக்கு முன்னால் கால்வாயில் கவிழ்த்தேன். அப்புறம், எல்லோரும் பார்க்கும்படி, கையை முந்தானையில் துடைத்தேன்.

வாங்கிய மீனை ஒவ்வொருத்தியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வீட்டுக்காரி அறுத்துக் கழுவியதைக்கூடக் கொண்டு வந்து கொடுத்தாள். மீன்காரி எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனை எடுத்தாள். ஹாரன் அடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். நான் வீட்டை விட்டு இறங்கவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மருந்தடிக்கும் வேலைக்கு வந்திருக்கும் வங்காளதேசத்து ஆட்கள் மட்டும் நாலைந்து பேர் சிரித்துப் பேசி மீன் வாங்கிப் போனார்கள். நம் ஆட்கள் ஒருவரும் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. நாலாவது சனிக்கிழமை ஹாரன் சத்தமே கேட்கவில்லை.

"அம்மா, ஒங்க வாய்க்கு ஒரு வேன் போச்சு" என்றான் என் மகன், தேத்தண்ணியை ஊதிக்கொண்டே.

"போனா போவட்டும்லா. ரிங்லெட்ல மீனே இல்லையா?" என்றேன்.

ரிங்லெட்டில் மீன் இருந்தது. அந்த டவுன் பாசாருக்கு நானே போனேன். முழங்கை நீளத்தில் பால் சுறா ஒன்று முழுசாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து வயிற்றைக் கீறி, குடலைப் பிடித்து இழுத்து வாளியில் போடப் போனேன். மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"அத்த, அதத் தூக்கிப் போடாதீங்க. கொஞ்சம் அறுத்துப் பாருங்க."

"கொடலையா? அதுல என்னா இருக்கு?"

"பாருங்களேன்."

அவள் என்னிடம் ஒன்றைச் செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அறுத்தேன். இத்தனை வருசம் சுறா அறுத்தவள், அந்தக் குடலைப் பிரித்துப் பார்த்ததேயில்லை. மற்ற மீன் குடல் போலக் குழாயாக இல்லை. உள்ளே ஒரு ஜவ்வு, பாயைச் சுருட்டி வைத்தது போலச் சுற்றிச் சுற்றிப் போனது. அந்தச் சுருளை விரித்தேன். மடிப்புக்குள் வெள்ளை வெள்ளையாக ரிப்பன் துணுக்குகள். என் விரல் நீளத்துக்கு ஒன்று, அதில் பாதி நீளத்துக்குச் சில. இழுத்தால் வரவில்லை. தலையைக் குடலில் குத்தி மாட்டிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, இதுலயுமா?"

"எல்லாச் சுறாவிலயும் அநேகமா இருக்கும் அத்த. திருக்கையிலயும் இருக்கும். ஒடம்பு கணு கணுவா தெரியுதா? அதுக்குள்ள எல்லாம் முட்ட. சுறா வெளிக்கி போறப்ப கடல்ல கலந்துரும். அத ஊசி மொன மாதிரி எறா இருக்குமே, அது திங்கும். அந்த எறாவ சின்ன மீன் திங்கும். சின்ன மீன வவ்வாலு மாதிரி மீனு திங்கும். அங்க போயி, சதைக்குள்ள பை கட்டிக்கிட்டு ஒக்காந்துக்கும்."

"எதுக்கு?"

"சுறா வந்து அந்த மீனத் திங்கிற வரைக்கும். அப்பத்தான் அது இந்தக் கொடலுக்கு வந்து சேர முடியும். சேந்தாத்தான் வளரும். அன்னிக்கி நீங்க பாத்தது இதோட குஞ்சு மாதிரி. இதே எனந்தான்னு சொல்ல முடியாது, இதுல நெறைய சாதி இருக்காம். எங்கப்பா ஜெட்டியில அறுத்துக் காட்டுவாரு."

நான் அந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மனுசன் தின்னா?"

"நம்ம வயித்துல அதுக்கு ஒண்ணும் இல்ல. நம்ம சுறாவா? வேகவச்சா செத்துரும். அது கெட்டுப்போன மீன்ல வர்றதில்ல அத்த, நீஞ்சுற மீன்லயே இருக்கறது. எங்கூட்ல எடுத்துப் போட்டுட்டு ஆக்குவோம். ரொம்ப இருந்தா அந்தத் துண்ட மட்டும் பூனைக்கு."

குழந்தை சிணுங்கியது. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"இதெல்லாம் அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க மீன் பேசினத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டீங்க. நான் பச்ச ஒடம்போட ஜன்னல்ல நின்னேன். அங்கேருந்து கத்தணும். அத்தனை பேரு முன்னாடி, ஒங்களுக்கு எதுத்தாப்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "அப்புறம் நீங்க வந்து அந்த மீன்காரியப் பத்தி மூணு நாளு பேசுனீங்க. நடுவுல எங்க சொல்றது?"

சுறாப் புட்டு செய்தேன். கையெல்லாம் வேலையைச் செய்தது, மனசு அந்தக் குடல் சுருளிலேயே நின்றது.

அவள் சொன்னதை நான் உடனே நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்பதுதான் சரி. குழந்தையை நிறுக்கக் கிளினிக்குக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸ் மிசியிடம் சாடையாகக் கேட்டேன். கடல் மீனில் வெள்ளைப் புழு இருந்தால் என்ன செய்வது என்று. "பச்சையா திங்காதீங்க பாட்டி, நல்லா வேகவச்சுச் சாப்பிடுங்க. பாக்கப் பிடிக்கலன்னா எடுத்துப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள். அவளுக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை. ஒரு மனுசியின் பிழைப்பைக் கால்வாயில் கவிழ்த்த எனக்கு அது விசயமாக இருந்தது.

ஒரு வாரம் ஓடியது. நான் தப்புச் செய்தால் தெரியாமல் சரிசெய்துவிடுகிற ஆள். குழம்பில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கைப் போட்டுக் கொதிக்கவிட்டு, யாருக்கும் சொல்ல மாட்டேன். இதையும் அப்படிச் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவளைத் தனியாகப் பார்த்து, மனசுல வச்சுக்காத தங்கச்சி, திரும்பி வா என்று சொன்னால் முடிந்தது. அவள் இப்போது வடக்கு ரோட்டில், கோலா தெர்லாப் பக்கம் மீன் விற்கிறாள் என்று தம்பி சொன்னான். அவன் காய்கறி ஏற்ற அந்தப் பக்கம் போகும் நாளில் நானும் லோரியில் ஏறிக்கொண்டேன். கையில் ஓட்டை விழுந்த கோபிசு இரண்டு.

ரோட்டோரம் லோரிகள் நிற்கும் இடத்தில் வேன் நின்றது. வாங்க ஆள் அதிகமில்லை. காய்கறிக்காரர்கள் லோரியைக் கிளப்புவதிலேயே குறியாக இருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் ஐஸைக் கிளறத் தொடங்கினாள்.

"என்னாக்கா, இங்கயும் செவுளு பாக்க வந்துட்டீங்களா? இங்க யாரும் ஒங்க கையப் பாத்து வாங்குறதில்ல."

"இல்ல தங்கச்சி. ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்." கோபிசை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அதை வேன் ஓரத்தில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "அன்னிக்கி தெரியாமப் பேசிட்டேன். அது அழுகல் இல்லன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு. நீ பழையபடி லயத்துக்கு வா."

"வந்து?"

"வந்து வியாவாரத்தப் பாரு."

"யாருகிட்ட? ஒங்க லயத்துல கெளம்புன பேச்சு பக்கத்துத் தோட்டத்துக்கும் போயிருச்சு. புழு மீன்காரின்னு பேரு. வேனுக்கு எண்ணெ ஊத்தி இவ்ளோ தூரம் ஏறி வந்து, பாதி மீன திரும்பக் கொண்டுட்டுப் போறேன். இந்த மாசம் பாப்பேன். சரியா வரலன்னா வேன வித்துட்டு ஜெட்டியில எறா உரிக்கப் போயிருவேன்." ஐஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க கத்துனது எங்க? கோயில் படியில. அத்தனை சனத்து முன்னாடி. இப்ப கோலா தெர்லாவுல வந்து காதுல சொல்றீங்க. இதுக்கு ஒரு கோபிசு வேற."

தம்பி லோரியில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் காது சூடானது. அவ்வளவுதான், போகிறேன் என்று திரும்பியிருப்பேன். இளம் வயசில் என்றால் நிச்சயம் திரும்பியிருப்பேன்.

"சனிக்கிழம வா" என்றேன். "அதே எடத்துல நிறுத்து. கறுப்பு வவ்வாலு கொண்டுட்டு வா."

"வந்தா என்னா பண்ணுவீங்க?"

"வா, சொல்றேன்."

அவள் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோபிசைத் திருப்பித் தராததை வைத்து நான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த நாலு நாளும் அந்தப் புழுவைப் பற்றித்தான் யோசித்தேன். இன்னொரு உடம்புக்குள் பை கட்டிக்கொண்டு, தனக்கான வயிறு வருமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற ஜீவன். வலையில் விழுந்து, ஐஸில் கிடந்து, மலையேறி, சுறாவே இல்லாத ஒரு ஊரில் என் அரிவாள்மனைக்கு வந்து சேர்ந்தது. அதற்குமே அது தப்பான இடம்தான். அது யாருக்கும் கெடுதல் செய்ய வரவில்லை. கெடுதல் செய்தது அதைப் பார்த்தவள். அட்டைக்கு நான் காட்டிய பொறுமையை அந்த மனுசிக்குக் காட்டவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை ஹாரன் கேட்டது. ஒரே ஒரு தடவை அடித்தாள்.

நான் அரிவாள்மனையையும் பேசினையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். என் கையில் அரிவாள்மனையைப் பார்த்ததும் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. இன்னொரு சண்டை என்று நினைத்திருப்பார்கள். அடுத்த வீட்டுக்காரி முதல் ஆளாக ஓடிவந்தாள்.

"பெருசா ஒரு வவ்வாலு குடு" என்றேன். செவுளைத் தூக்கவில்லை, அழுத்தவில்லை. வாங்கி, வேனுக்குப் பின்னால் கோயில் படியிலேயே உட்கார்ந்து அறுத்தேன். என் எண்ணம் இதுதான். புழுவை எல்லோருக்கும் எடுத்துக் காட்டி, இது இன்னது, இங்கேயிருந்து வருகிறது, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட வேண்டும்.

துண்டு துண்டாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு புழுகூட இல்லை.

"இன்னொண்ணு குடு."

அதிலும் இல்லை. எலும்பை ஒட்டிப் பார்த்தேன், வயிற்றுச் சதையைக் கிழித்துப் பார்த்தேன். கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரில்.

"என்னாக்கா, புழுவ வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். மீன்காரி சிரிக்கவில்லை, ஆனால் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"மூணாவது குடு தங்கச்சி."

"அக்கா, நான் இத்தன வருசம் மீன் விக்கிறேன். புழு வேணும்னு கேட்டு மூணு மீன் வாங்குன ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளால் அடக்க முடியவில்லை. தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அரிவாள்மனையில் உட்கார்ந்து சிரிப்பது ஆபத்து, எழுந்து நின்று சிரித்தேன்.

மூன்றாவது மீனில் இருந்தது. வால் பக்கம், எலும்பை ஒட்டி, அதே பை. நகத்தால் எடுத்து, பையைக் கீறி, படியில் இருந்த எல்லோருக்கும் காட்டினேன். அது மெல்ல நீண்டது. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நல்லாப் பாருங்க" என்றேன். "இது மீன் உசுரோட கடல்ல நீஞ்சுறப்பவே உள்ள இருக்கறது. அழுகி வர்றதில்ல. சுறா வயித்துக்குப் போவுறதுக்காக ஒக்காந்திருக்கு, நம்ம வயித்துல அதுக்கு வேல இல்ல. வேகவச்சா ஒண்ணும் பண்ணாது. அன்னிக்கி இந்தத் தங்கச்சி குடுத்தது நல்ல மீனு. அழுகல்னு சொன்னது நான். நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாம சொன்னேன். தெரியாதுன்னு ஒத்துக்காமச் சொன்னேன், அது அதவிடத் தப்பு."

மேலே ஜன்னலில் என் மருமகள் குழந்தையோடு நின்றிருந்தாள்.

"இதெல்லாம் யாருக்கா ஒங்களுக்குச் சொன்னது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என் மருமவ" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

மீன்காரி மூன்று மீனுக்கும் நிறுத்துக் காசு வாங்கிக்கொண்டாள், ஒரு சென் காசுகூடக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. வங்காளதேசத்து ஆட்கள் வழக்கம்போல வாங்கினார்கள். நம் ஆட்களில் அன்றைக்கு இரண்டு வீடுதான் வாங்கியது, அதுவும் வவ்வால் இல்லை, சின்னக் கெம்போங் மீன். நான் வீட்டுக்குப் போய் குழம்பு வைத்து, முதல் துண்டை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டேன், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. அடுத்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டேன். குழம்பை ஊற்றிக்கொண்டு மீன் துண்டுகளை அப்படியே திருப்பி அனுப்பினாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் வவ்வால்தான் மூன்று வேளையும்.

சொன்ன வார்த்தை ஒரு நாளில் பரவியது. அதைத் திரும்ப எடுப்பது அப்படி நடக்கவில்லை. வாரத்துக்கு ஒரு வீடு, இரண்டு வீடு என்றுதான் திரும்பி வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு நானே போய் இரண்டு பேரிடம் சொன்னேன். கறுப்பு வவ்வாலைத் தொடவே மாட்டேன் என்று இருப்பவர்கள் இன்னும் உண்டு. அதற்கு நான்தான் காரணம், அதை மாற்ற என்னால் முடியவில்லை. ஆனால் வேன் விற்கப்படவில்லை. இரண்டு முறை ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

போன சனிக்கிழமை பால் சுறா கொண்டு வந்திருந்தாள்.

"கொடலோட வேணுமாக்கா, எடுத்துட்டுத் தரவா?" என்று கேட்டாள், கூட்டம் கேட்கும்படி.

"கொடலோடயே குடு. எனக்கும் எம்மருமவளுக்கும் அதுல வேல இருக்கு."

செவுளை இப்போதும் தூக்கிப் பார்க்கிறேன், கண்ணைப் பார்க்கிறேன், அழுத்திப் பார்க்கிறேன். அதை விட முடியாது. கையை முந்தானையில் துடைப்பதை மட்டும் விட்டுவிட்டேன். மீன் சரியில்லையென்றால் வாயைத் திறந்து அவளிடமே சொல்கிறேன். அவள் பதில் சொல்கிறாள். சில நாள் அவள் சொல்வது சரியாக இருக்கிறது.